மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகள்: கொல்கத்தா வீடுகளில் எழும் சிக்கல்கள்

சூரிய வெளிச்சத்தை நேராக மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் தகடுகள் ஒரு காலத்தில் விண்கலங்களுக்கும் மின்கம்பி எட்டாத தீவுகளுக்கும் மட்டுமே உரியனவாக இருந்தன. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் உருவான, நடைமுறைக்கு உகந்த முதல் சிலிக்கன் மின்கலம் தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்று கடைகளில் விற்கும் தகடுகள் நூற்றில் இருபது பங்குக்கு மேல் மாற்றுகின்றன. வங்காளத்தைப் பொறுத்தவரை, கங்கை கடலில் கலக்கும் இடத்திலுள்ள சாகர் தீவில் 1990ஆம் ஆண்டுகளிலேயே சிறு சூரிய மின் நிலையங்கள் எழுந்தன. 2008ஆம் ஆண்டில் கொல்கத்தாவை அடுத்த நியூ டவுனில் ரவிரஷ்மி ஆவாசன் என்னும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்குள்ள 25 வீடுகளும் கூரையில் சூரியத் தகடுகளைத் தாங்கும் வண்ணம் வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டவை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தின்கீழ், 3 கிலோவாட் அளவுள்ள வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஆகவே, இத்தகடுகளைப் பற்றிய கேள்விகள் இப்போது சாதாரணக் குடும்பங்களிலிருந்தே கிராம, நகர ஊழியர்களிடம் வருகின்றன.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றியவை. எத்தனை யூனிட் கிடைக்கும், எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்றே விசாரிக்கிறார்கள். கொல்கத்தாவில் 3 கிலோவாட் அமைப்பொன்று ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு 10 முதல் 12 யூனிட் வரை தரும் என்று விடை கூறிவிடலாம். கூரையைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆயினும், நியூ டவுன் வீடுகளைப்போல் தகட்டுக்காகவே கட்டப்பட்ட கூரை நகரில் எத்தனை பேருக்கு உண்டு? பவானிபூரிலும் ஷியாம்பஜாரிலும் உள்ள ஒரு வீட்டின் மாடியில் தகடு பொருத்துவோர் சந்திக்கும் இடர்களில் பெரும்பாலானவை மின்சார இயலைச் சேர்ந்தவை அல்ல. கட்டட இயலைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானது காற்று.

காற்றின் கணக்கு

ஏறத்தாழ 540 வாட் ஆற்றலுள்ள ஒரு தகடு சுமார் 2.6 சதுர மீட்டர் பரப்பும் 28 கிலோகிராம் எடையும் கொண்டது. 3 கிலோவாட்டுக்கு இத்தகைய தகடுகள் ஆறு வேண்டும். அவற்றின் மொத்தப் பரப்பு 15½ சதுர மீட்டர். எடை 170 கிலோகிராம். தாங்கும் சட்டத்தையும் சேர்த்து 300 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு விருந்தன்று மாடியில் கூடி நிற்கும் உறவினர்களின் எடை அதைவிட மிகுதியாக இருக்கும். இதைக் கண்டு, "கூரைக்கு இது ஒரு சுமையா?" என்று வீட்டுக்காரர் கேட்பது இயல்பே. சுமை என்ற அளவில் அவர் சொல்வது சரி.

ஆனால், சாய்த்து வைக்கப்பட்ட தகடு ஒரு பாய்மரத்தைப் போன்றது. காற்று தரும் அழுத்தத்தைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று காற்றின் வேகத்தை எழுதி, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை இதிலிருந்து மாணவர்களும் கண்டுகொள்வர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்னும் விதிநூலின் மூன்றாம் பகுதி, நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கட்டட வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. கொல்கத்தாவுக்குரிய வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சென்னைக்கும் இதே வேகம்தான். மேற்கண்ட விதிப்படி, சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை உண்டாகிறது. 15½ சதுர மீட்டருக்கு அது 2,300 கிலோகிராமைத் தாண்டும். 300 கிலோகிராம் பொருளை அதன் எடையைப்போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட விசை பெயர்க்க முனைகிறது. கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறத்தின் நெருக்கம், தகட்டின் சாய்வு, கூரையில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்துப் பொறியாளர் இந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். எனினும், எடையும் காற்று விசையும் நிற்கும் தராதரம் மாறுவதில்லை.

இத்தகைய வேகம் நூலளவில்தானே என்று நினைப்பதற்கில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் சுந்தரவனக் கரையைக் கடந்து கொல்கத்தாவின்மீது வீசியபோது, டம்டம்மில் மணிக்கு 133 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. வினாடிக்கு 37 மீட்டர் என்று கொண்டால், அதே ஆறு தகடுகளின் மேல் 1,300 கிலோகிராம் விசை விழுந்திருக்கும். புயல்கூட வேண்டுவதில்லை. பங்குனி முதல் வைகாசி வரையில் வங்காளத்தில் மாலை வேளைகளில் திடீரென எழும் கால்பைசாகி என்னும் இடிப்புயல், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலே 470 கிலோகிராம் விசை உண்டாகும். வெறுமனே வைக்கப்பட்ட தகட்டையும் சட்டத்தையும் பெயர்க்க அது போதும்.

கால்பைசாகியைப் பற்றி ஊழியர்கள் தனியே கருதவேண்டிய ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிறது. ஆங்கிலேயர் அதற்கு நார்வெஸ்டர் என்று பெயரிட்டதும் அதனாலேயே. வெயிலுக்காகத் தெற்கு நோக்கிச் சாய்க்கப்பட்ட தகட்டின் உயர்ந்த விளிம்பு வடக்கே இருக்கும். ஆகவே, இக்காற்று தகட்டின் முகத்தில் மோதாமல் முதுகின் கீழே புகுந்து மேலே தூக்குகிறது. வகுப்பறையில் இதை விளக்க ஓர் அஞ்சலட்டையே போதும். மேசைமேல் இரு பென்சில்களை அடுக்கி, அட்டையின் ஒரு விளிம்பை அவற்றின்மேல் சாய்த்து வைத்து, தாழ்ந்த பக்கத்திலிருந்து மெல்ல ஊதினால் அட்டை பெரும்பாலும் படிந்தே கிடக்கும். உயர்ந்த பக்கத்திலிருந்து அதே அளவு ஊதினால் அது புரண்டு விழும். கடற்புயலோ கடந்து செல்லும்போது காற்றின் திசையை மாற்றிக்கொண்டே போகும். எனவே, எத்திசைக் காற்றுக்கும் ஈடுகொடுக்கும்படியே கட்டவேண்டும்.

வடகொல்கத்தாவின் சந்துகளில் இரு வீடுகளுக்கு இடையே ஒரு ரிக்ஷா செல்லும் அகலமே இருக்கும். 28 கிலோகிராம் எடையுள்ள கண்ணாடித் தகடு மூன்றாம் மாடியிலிருந்து அத்தகைய சந்தில் விழுவது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. தகடு விற்பவர் தரும் கணக்குத் தாளில் வெயில் இடம்பெறும். காற்று பெரும்பாலும் இடம்பெறாது. அதைக் கேட்டு வாங்குவது ஊழியரின் கடமை.

கூரையின் இயல்பு

தகட்டைப் பிடித்து நிறுத்த இரண்டே வழிகள் உள்ளன. கூரையைத் துளைத்து ஆங்கர் போல்ட்டால் இறுக்குவது ஒன்று. துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளின் கனத்தால் அமுக்கி வைப்பது மற்றொன்று. முதல் வழியில் மழைநீர் உள்ளே இறங்கும் அச்சம் உண்டு. இரண்டாம் வழியில் கூரையின்மேல் சுமை ஏறும். ஆண்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் மழை பொழியும் கொல்கத்தாவில் இவற்றுள் எதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எது ஏற்றது என்பதைக் கூரையின் வகையே தீர்மானிக்கிறது.

நகரின் பழைய வீடுகளில் கொரி-பர்கா என்னும் கூரை காணப்படும். சுவருக்குச் சுவர் மரத்தாலோ இரும்பாலோ ஆன உத்திரங்களை வைத்து, அவற்றின் குறுக்கே சிறு சட்டங்களைப் பரப்பி, சட்டங்களின்மேல் ஓடு அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் சுர்க்கியும் கலந்த கனமான பூச்சைப் போடுவார்கள். இப்பூச்சுக்கு ஜல்சாத் என்று பெயர். வெல்லப்பாகும் வெந்தய நீரும் சேர்த்து, மரக்கட்டைகளால் பல நாள் விடாமல் தட்டித் தட்டி அதை இறுகச் செய்வது வழக்கம். தட்டும் தாளத்துக்கு ஏற்பப் பெண்கள் பாடிய கூரை தட்டும் பாட்டுகள் வங்காளத்து நாட்டுப்பாடல்களில் ஒரு தனி வகையாகவே உள்ளன. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் நம் பழைய தளமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தேக்கு உத்திரத்தின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துத் தட்டி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மயிலாப்பூர் வீட்டுக்கும் பாக்பஜார் வீட்டுக்கும் இதில் வேறுபாடு சிறிதே.

இத்தகைய தளத்தில் ஆங்கர் போல்ட்டு நிற்காது. போல்ட்டு விரிந்து பிடிப்பதற்குக் கான்கிரீட்டின் உறுதி வேண்டும். சுண்ணாம்புச் சல்லி பொடிந்து இடங்கொடுத்துவிடும். துளையைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். அவ்வழியே இறங்கும் நீர் நேராகக் கீழே வராமல் ஓட்டின்மேல் பரவி, இரண்டு மூன்று அடி தள்ளி வேறோர் இடத்தில் கசிந்து தோன்றும். வீட்டுக்காரர் பல மாதம் தவறான இடத்தில் பூச்சுப் பூசிக்கொண்டிருப்பார். அந்நீர் சென்று தங்கும் இடம் பெரும்பாலும் உத்திரம் சுவருக்குள் புகும் முனையாகும். மரமானால் அங்கே இற்றுப்போகும். இரும்பானால் துருவேறிப் பருத்துச் சுவரையே பிளக்கும். துளையை ஆயிரம் பசையிட்டு அடைத்தாலும், சுண்ணாம்புப் பூச்சு வெயிலுக்கும் மழைக்கும் விரிந்து சுருங்குவதால், அந்த அடைப்பு நெடுங்காலம் நிலைப்பதில்லை.

கட்டையால் அமுக்கும் வழியும் இங்கே உதவாது. முன் கண்ட 2,300 கிலோகிராம் விசைக்கு ஈடாக ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். தகடுகள் நிற்கும் 25 சதுர மீட்டர் தளத்தில் அதைச் சமமாகப் பரப்பினால், சதுர மீட்டருக்கு 90, 100 கிலோகிராம் ஆகும். மனிதர் நடமாடும் கூரைக்கு விதிநூல் கொள்ளும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம்தான். அதில் மூன்றில் இரு பங்கை ஒரு நிலையான கனம் இரவும் பகலும் எடுத்துக்கொள்கிறது. புதிய கான்கிரீட் தளம் இதைத் தாங்கக்கூடும். நூறாண்டு கண்ட உத்திரங்களின்மேல் இதை ஏற்றுவது விவேகமன்று. போதாக்குறைக்கு, பூச்சு பழுதாகும்போதெல்லாம் பழையதை நீக்காமலே புதிய பூச்சைப் போட்டு வந்த வீடுகளும் உண்டு. அவற்றின் கூரை ஏற்கெனவே தன் அளவுக்கு மேல் சுமந்து நிற்கிறது.

ஆகவே, பழைய கூரையில் தகட்டின் விசை தளத்தைத் தொடாமலே சுவருக்குச் செல்லவேண்டும். தாங்கு சுவரிலிருந்து எதிர்த் தாங்கு சுவர்வரை இரும்புத் தூலங்களைப் போட்டு, அவற்றின் முனைகளைச் சுவரின் தலைப்பில் அமைத்த கான்கிரீட் பட்டைகளில் பிணைத்து, தூலங்களின்மேல் தகட்டுச் சட்டத்தை நிறுத்துவது தக்க முறை. தூலத்துக்கும் தளத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால், நீர் தடையின்றி ஓடும். பின்னாளில் தளத்தைச் செப்பனிடவும் கை செல்லும். காற்று தூக்கும் விசைக்கு எதிரே இப்போது கனமான சுவர் நிற்கிறது. செலவு கூடும் என்பது உண்மை. அச்செலவை ஏற்க இயலாத வீட்டில், தகடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதோ, படிக்கட்டு அறைமேல் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம் இருந்து அது உறுதியானதாகவும் காணப்பட்டால் அதில் மட்டும் பொருத்துவதோ நேரிய ஆலோசனையாகும். கைப்பிடிச் சுவரில் கட்டிவிடலாம் என்று சிலர் கூறுவார்கள். ஐந்து அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர் ஆள் விழாமல் தடுக்க எழுந்தது. இழுவிசையைத் தாங்கும் வலு அதற்கு இல்லை.

கூரையைச் சோதிக்க மாடிக்கு ஏறுமுன், அதன் அடியிலுள்ள அறைக்குள் செல்லவேண்டும். உத்திரம் சுவரில் புகும் இடங்களில் கறை, பூஞ்சை, கரையான் மண் உண்டா என்று பார்ப்பதும், ஒரு நூலை இழுத்துப் பிடித்து உத்திரம் தொய்ந்துள்ளதா என்று அறிவதும் எவரும் செய்யக்கூடியன. இரும்பு உத்திரமானால் துரு செதில்செதிலாக உரிகிறதா என்று கவனிக்க வேண்டும். புதிய கான்கிரீட் தளத்தில் கசிவை அறிய ஒரு நாள் நீர் தேக்கிப் பார்ப்பது வழக்கம். பழைய உத்திரக் கூரையில் இதைச் செய்யலாகாது. இரண்டு அங்குல ஆழமுள்ள நீரே சதுர மீட்டருக்கு 50 கிலோகிராம் கனக்கும். அங்கே குழாயால் நீர் தெளித்துக் கீழிருந்து பார்ப்பதே போதும்.

1960களுக்குப் பின் எழுந்த வீடுகளில் கான்கிரீட் தளமே மிகுதி. இவற்றில் வேலை எளிது. தூணும் உத்திரமும் செல்லும் கோட்டைக் கண்டுபிடித்து, அக்கோட்டின்மேல் சிறு கான்கிரீட் பீடங்களை எழுப்பி, பீடத்தின் கம்பிகளை ரசாயனப் பசையிட்டுக் கீழ்க் கான்கிரீட்டில் பதிக்கலாம். நீர்க்காப்புப் பூச்சைப் பீடத்தின் பக்கங்களிலும் ஏற்றி, மூலைகளை வளைவாகத் தீற்றவேண்டும். பீடம் நீர் ஓடும் வழியை மறிக்காமலிருப்பது முக்கியம். நான்கு பீடங்களைத் தவறான இடத்தில் எழுப்பியதால் குளமாகிவிடும் மாடிகள் உண்டு.

மாடியும் மக்களும்

கொல்கத்தாவில் மாடி ஒரு வெற்றிடம் அன்று. அங்கே துணி உலரும். பருப்பரைத்து இட்ட பொரி வடகம் காயும். ஊறுகாய்ச் சாடிகள் வெயில் காணும். மாலையில் அண்டை வீட்டாருடன் பேச்சு நடக்கும். செப்டம்பர் 17ஐ ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜையன்று நகரின் மாடிகளிலெல்லாம் பட்டம் விடுவார்கள். தகட்டின்மேல் கால் வைத்து ஏறும் சிறுவனைத் தடுக்க அன்று ஒருவர் காவல் இருக்கவேண்டும். மாடியை இழக்க விரும்பாத குடும்பம், தகடுகளை ஆள் உயரத்துக்குமேல் கால்கள் நட்டு நிறுத்தித் தரும்படி கேட்கும். அடியில் நிழலும் கிடைக்கும் என்பது அவர்களது எண்ணம்.

அந்த விருப்பம் நியாயமானதே, விலைதான் பெரிது. உயர்ந்த காலின் தலையில் மோதும் காற்று, நெம்புகோல்போல் அதன் அடியைப் பெயர்க்க முனைகிறது. ஓரடிக் காலைவிட எட்டடிக் காலின் அடியில் அம்முறுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு. கான்கிரீட் தூண்களின் தலைகளிலேயே கால்களை ஊன்றி, குறுக்குச் சட்டங்களால் மூலைக்கு மூலை இணைத்தால் அன்றி இதற்கு இசையலாகாது. கொரி-பர்கா கூரையில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய வீடுகளில் மற்றொரு சங்கடம் உரிமையைப் பற்றியது. பாட்டனார் கட்டிய வீட்டில் பங்காளிகள் பலர் இருப்பர். மின் இணைப்பு ஒருவர் பெயரிலும், மாடி அனைவருக்கும் பொதுவாகவும் இருக்கும். ஒருவர் வைக்கும் தகட்டால் மற்றவரின் தலைக்குமேல் நீர் ஒழுகினால், அது பொறியாளரால் தீராத வழக்காகிவிடும். எல்லாப் பங்காளிகளின் எழுத்து மூலமான இசைவையும் முதலிலேயே பெறுவது நலம்.

சாய்வும் நிழலும்

பாடநூல்கள், தகட்டின் சாய்வு அவ்விடத்து அட்சரேகைக்குச் சமமாக இருக்கவேண்டும் என்று கூறும். கொல்கத்தாவின் அட்சரேகை 22½ பாகை. ஆயினும், இங்கே 10 பாகைச் சாய்வில் வைத்தாலும் ஆண்டு விளைவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே குறையும். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழத் தலையுச்சியில் நிற்கிறது. சில வாரங்கள் சற்று வடக்கேயும் செல்கிறது. மழைக்காலத்து மேகமூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவி வருவதால், படுத்த தகடே அதை அதிகம் ஏற்கும். தாழ்ந்த சாய்வுக்குக் காற்றின் பிடியும் குறைவு. இந்நகரில் ஓரிரண்டு பங்கு மின்சாரத்தை விட்டுக்கொடுத்துக் கூரைக்கு நிம்மதி வாங்குவது நல்ல பேரம். ஆனால், 10 பாகைக்கும் கீழே இறங்கினால் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லாது. கீழ் விளிம்பில் சேறு படியும். கூரையின் ஓரங்களில் காற்று சுழன்று மேலிழுக்கும் விசை மிகுதி. ஆதலால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி வைப்பது வழக்கம்.

தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓடவும் இடம் வேண்டும். சிலிக்கன் தகட்டின் ஆற்றல் 25 பாகை செல்சியசில் அளந்து குறிக்கப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை ஆற்றல் குறையும். சித்திரை வெயிலில் தகட்டின் உஷ்ணம் 60 பாகையை எட்டும்போது, எட்டில் ஒரு பங்கு ஆற்றல் அவ்வகையிலேயே போய்விடுகிறது. தளத்தோடு ஒட்டிப் படுக்க வைத்த தகடு இன்னும் சூடேறும்.

நிழலின் தீமை பலருக்கும் புலப்படுவதில்லை. ஒரு தகட்டிலுள்ள மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே குழாயில் ஓடும் நீர்போல் மின்னோட்டம் செல்லும்படி இணைக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் குழாயை நெரித்தால் முழு ஓட்டமும் குறைவதுபோல், ஒரு கலத்தின்மேல் விழும் நிழல் வரிசை முழுவதையும் பாதிக்கும். இதற்குப் பரிகாரமாகத் தகட்டுக்குள் டையோடுகள் மாற்றுவழி தருகின்றன. அப்போதும் ஒரு பகுதியின் மின்சாரம் போய்விடும். காக்கையின் எச்சமும், துணி காயப்போட்ட கயிற்றின் நிழலும்கூடத் தம் அளவில் கேடு செய்வனவே.

நிழலை அளக்க ஒரு மீட்டர் கோலும் டிசம்பர் 21ஆம் தேதியும் போதும். அன்று கொல்கத்தாவில் சூரியன் உச்சம் ஏறுவது இந்திய நேரப்படி 11.35 மணியளவில். நகரம் நம் நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் இந்த வேறுபாடு. அப்போது கோலின் நிழல் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். அதற்கு மூன்று மணி முன்னதாக, 8.35க்கு, நிழல் இரண்டு மீட்டர் நீண்டு வடமேற்கே விழும். வங்காள வீட்டு மாடிகளில் படிக்கட்டின் தலைமேல் நிற்கும் சிலேகோட்டா என்னும் சிறு அறை 2½ மீட்டர் உயரமானால், அக்காலையில் அதன் நிழல் 5 மீட்டர் ஓடும். ஆகவே, அவ்வறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தெற்கே தகடுகளை அமைக்க வேண்டும். அடுத்த மனையில் பழைய வீடு இடிபட்டு ஐந்து மாடி எழப்போகிறதா என்று விசாரிப்பதும் அளவையின் ஒரு பகுதியே. இரு தகட்டு வரிசைகளுக்கு இடையே விடவேண்டிய தூரமும் இதே கணக்கால் கிட்டும். பின்விளிம்பின் உயரத்தைப்போல் 1.4 மடங்கு விட்டால் போதும். 22 பாகைச் சாய்வில் அது 1.2 மீட்டர், 10 பாகையில் 55 சென்டிமீட்டர். நெருக்கமான மாடியில் தாழ்ந்த சாய்வுக்கு இது மேலும் ஒரு சாதகம்.

துரு, மின்னல், மின்வெட்டு

கொல்கத்தாவின் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சட்டத்துக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த முலாம் வேண்டும். 80 மைக்ரான் கனம் என்பது வழக்கமான அளவு. முலாமிட்ட சட்டத்தை மாடியில் வைத்து அறுப்பதும் துளையிடுவதும் கூடாது. அறுபட்ட முனையிலிருந்தே துரு தொடங்கும். அலுமினியச் சட்டமும் சாதாரண இரும்பு போல்ட்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். துருவேறாத எஃகு போல்ட்டுகளே தகுந்தவை. ஆண்டுதோறும் பங்குனிக்கு முன், அதாவது முதல் கால்பைசாகி வருமுன், எல்லாக் கிளாம்ப்புகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது இன்றியமையாதது.

சட்டம் முழுவதையும் தரையுடன் இணைக்கும் எர்த் கம்பி, மின்னலுக்கும் மின்கசிவுக்கும் காப்பு. ஆறு தகடுகளை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட் நேர்மின்சாரம் அளவில் உண்டாகும். வீட்டுச் சுவிட்சை அணைத்தாலும், வெயில் உள்ளவரை தகட்டின் முனைகளில் அது இருந்துகொண்டே இருக்கும். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதன் தீப்பொறி எளிதில் அணைந்துவிடுகிறது. நேர்மின்சாரத்தின் பொறிக்கு அந்த ஓய்வு இல்லை. மின்னோட்டம் செல்லும்போது இணைப்பியைக் கையால் பிரிப்பவர் கண்ணெதிரே நீண்ட தீநாக்கைக் காண நேரும். கொத்தனாரோ வண்ணம் பூசுபவரோ மாடியில் வேலை செய்ய வரும்போது இதை அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மின்வாரியக் கம்பியுடன் இணைந்து, பாட்டரி இல்லாமல் இயங்கும் அமைப்பு, ஊர் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க இன்வெர்ட்டரில் வைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆம்பனுக்குப் பின் நகரின் பல பகுதிகள் சில நாட்கள் இருளில் இருந்தன. அத்தகைய நாட்களில் தகடு பழுதாகாமல் தப்பினாலும், வெயில் நன்கு காய்ந்தாலும், பாட்டரி இல்லாத வீட்டில் விளக்கு எரியாது. இதை முன்கூட்டியே கூறாவிட்டால், பின்னர் வருவது புகார்தான்.

தகட்டுக்குத் தயாரிப்பாளர் உறுதி கூறும் ஆயுள் பெரும்பாலும் 25 ஆண்டுகள். கூரையின் பூச்சு அத்தனை காலம் நிற்பதில்லை. இடையில் ஒரு முறையேனும் தளத்தைச் செப்பனிட நேரும். ஆகையால், தூலங்களும் பீடங்களும் போல்ட்டுகளும் எங்கெங்கே உள்ளன, நீர்க்காப்பு எந்த நாளில் எவ்வாறு இடப்பட்டது, மின் இணைப்பை எந்த வரிசையில் பிரிக்கவேண்டும் என்பவற்றை ஒரு தாளில் வரைந்து, நாட்டு மொழியில் எழுதி, மின்மானியின் அருகே ஒரு பிரதியும் வீட்டுப் பத்திரங்களோடு ஒரு பிரதியும் வைப்பது வேலையின் இறுதிக் கட்டமாகும்.